முந்தி வரும் மூப்பு

எம் அத்தையாருக்கு வயது 52. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வரும் யாத்திரிகர்கள் அவரைப் ‘பாட்டி’ என்றே விளிப்பர். அவரும் அதனை மறுப்பதில்லை.

1981-ஆம் ஆண்டளவில், தம் எட்டாம் பிராயத்தில், விடியுமுன் வரும் வண்டியேறித் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றவர் அவர். மரச்சட்டங்களில் குச்சி அடுக்குவது வேலை; அடுக்கிய சட்டங்களின் எண்ணிக்கைக்கே கூலி. உறக்கமின்மையும், கணக்கப்பிள்ளையின் வசையும், தீப்பற்றுமோவென்னும் அச்சமும் நாடோறும் உடன் சென்றன. அவ்வச்சம் இன்னும் நீங்கவில்லை. அடுப்பு மூட்டுகையிலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நம் உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்னும் காப்புகள் உள. உயிரணு பிளவுறுந்தோறும் அவை பெரும்பாலும் தேய்ந்து குறுகும். இக்காப்பின் இயல்பைக் கண்டறிந்தமைக்காக எலிசபெத் பிளாக்பர்ன் முதலிய மூவர் 2009-இல் நோபெல் பரிசு பெற்றனர். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் அனாதை விடுதிகளில் நெடுநாள் வளர்ந்த சிறாரிடம் அந்நுனிகள் குறுகியிருந்தமையை 2011-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. இளமைத் துன்பம் உயிரணு வரை செல்லுமென்பது இதனாற் புலனாகிறது.

ஆயினும் இது பலரை ஒருங்கே நோக்கிய கணக்கு. எம் அத்தையாரின் நரைக்குக் காரணம் இதுவேயென யாம் அறுதியிடத் துணியோம். குறையுணவுக்கும் கரிசற்காட்டு வெயிலுக்கும் அதிற் பங்குண்டாகலாம்.

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் நாள், வேலைக்கமர்த்திய முதலாளி குழந்தையொன்றுக்கு ரூ. 20,000 செலுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பொழுது அவருக்கு வயது 23. குழந்தையென எண்ணப்படும் பருவம் கடந்திருந்தது. குச்சி அடுக்குவது மட்டும் நிற்கவில்லை.