ஈரோட்டுக்குப் போகிற வழியில்

ஆடி பிறந்தால் ஈரோட்டில் புத்தகத் திருவிழா. அதையொட்டி லயன்–முத்து காமிக்ஸ் வாசகர்கள் அங்கே ஒன்றுகூடுவது வழக்கமாகிவிட்டது. கோவை வழியாகப் போகிறீர்களா, அம்மணி? உக்கடம் வட்டாரத்தில் பழைய புத்தகக் கடைகளைத் தேடிப் பாருங்கள். தலை நரைத்த ஆசாமிகள் தூசி தட்டித் துழாவுவது 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த ‘இரும்புக்கை மாயாவி’யை! முத்து காமிக்ஸின் முதல் இதழ் அது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறையும். கை மட்டும் தெரியும்.

“மாயாவி இருக்குதுங்களா?”

“வந்தா நிக்குதுங்களா!” என்று சிரிப்பார் கடைக்காரர்.

இதழெல்லாம் எங்கே மறைந்தன? பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைமேல் கோபம் கொண்டு அம்மாமார் எடைக்குப் போட்டவை எத்தனையோ! உங்கள் பரணில் பழைய கட்டு மிச்சமிருந்தால், பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் பிரித்துப் பாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.