ஒரு சட்டம், மூன்று விதைப்பு

உளுந்துக்கு வரிசை இடைவெளி 30 சென்டிமீட்டர். மானாவாரிப் பருத்திக்கு 45, மக்காச்சோளத்துக்கு 60. கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசி பிறந்துவிட்டால் டிராக்டர் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றும் தேவைப்படும். அதற்காக மூன்று விதைப்புக் கருவி வாங்க யாரிடம் காசு இருக்கிறது? 180ஐ ஆறால் வகுத்தால் 30, நான்கால் வகுத்தால் 45, மூன்றால் வகுத்தால் 60. அதனால் 180 சென்டிமீட்டர் சட்டம் ஒன்றுக்குள் ஏழு கொழு, ஐந்து கொழு, நாலு கொழு எல்லாம் மிச்சமில்லாமல் அடங்கிவிடும். கோவில்பட்டியில் நான் போய்ப் பார்த்த பட்டறையின் பிழைப்பே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

முன்பக்கம் வெல்டிங் பொறி பறக்கிறது. பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த பெண் ஒருவர் அதில் ஃப்ரீகேட் வைத்து வரைகிறார். காசு கேட்காத மென்பொருள் என்பதால் பட்டறைக்காரருக்கும் நிம்மதி.

அவர் முதலில் திறந்து காட்டிய ஃபைலில் விதைப்புக் கருவி என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. ஒரு சதுரக் குழாய், டிராக்டரோடு மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு, அவ்வளவுதான். "இதுதான் சார் பேஸ் பார்ட். கொழு, விதைப்பெட்டி, கிளாம்ப் எதையும் இதுல சேர்க்க மாட்டேன்" என்றார். உளுந்துக்கு ஒரு ஃபைல், பருத்திக்கு ஒன்று, மக்காச்சோளத்துக்கு ஒன்று. மூன்றும் இந்தச் சட்டத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாமல் இணைப்பாக இழுத்துக்கொள்கின்றன. கொழு எண்ணிக்கையும் இடைவெளியும் அந்தந்த ஃபைலுக்குள் இருக்கும் அட்டவணையின் இரண்டு கட்டங்கள். குழாயின் பருமனை பேஸ் பார்ட்டில் கூட்டினார். மற்ற மூன்றையும் திறந்து புதுப்பித்ததும் கிளாம்புகள் தாமாகவே விரிந்து உட்கார்ந்தன.

இந்த யோசனை பழசு. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்துகாட்டிய ஸ்கெட்ச்பேடிலேயே மூலப்படம் ஒன்றைத் திருத்தினால் அதிலிருந்து பிறந்த எல்லாப் படங்களும் திருந்தும். ஆனால் இப்படி இணைத்து வரைவதில் ஒரு வில்லங்கம் உண்டு; அதைத்தான் அந்தப் பெண் ஆர்வமாக விளக்கினார். பொருளின் ஒவ்வொரு முகத்துக்கும் மென்பொருள் தானாக ஒரு எண் கொடுக்கிறது. கிளாம்பை மேலே இருக்கும் ஆறாம் முகத்தில் ஒட்டி வரைந்திருப்போம். பின்னொரு நாள் சட்டத்தில் ஒரு வெட்டு போட்டதும் எண்கள் புரண்டு, மேலே இருந்த முகம் எட்டாகிவிடும். ஆறு என்ற எண் இப்போது வேறொரு பக்கத்துக்கு. கிளாம்ப் எண்ணைத் தேடிக்கொண்டு அங்கே போய் ஒட்டும்! 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பு இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது. இருந்தாலும் அவர் இன்னும் எந்த முகத்தையும் நம்புவதில்லை. சட்டத்தின் நடுக்கோட்டில் அசையாத ஒரு தளம் போட்டு, எல்லா அளவையும் அங்கிருந்தே எடுக்கிறார்.

ஓட்டிப் பார்ப்பது பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஒரு நிலத்தில். கட்டபொம்மன் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் 1974இல் கட்டிய நினைவுக் கோட்டையோடு திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டினால் பாளம் பாளமாக வெடித்த கரிசல். இங்கே மழைக்கு முந்தியே புழுதியில் விதைத்துவிடுவார்கள். விதை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். மேலாக விழுந்தால் லேசான தூறலை நம்பி முளைத்து, அடுத்த மழை வருமுன் கருகிப்போகும்.

ஏழு கொழு போட்ட கருவி போன தடத்தைப் பட்டறை மேஸ்திரி குந்தி உட்கார்ந்து விரலால் நோண்டிப் பார்த்தார். ஐந்து வரிசையில் விதை ஆழத்தில் இருந்தது. நடுவிலிருந்து இருபுறமும் 60 சென்டிமீட்டர் தள்ளி ஓடிய இரண்டு வரிசைகளில் மட்டும் மேலாகக் கிடந்தது. அந்த இரண்டும் டிராக்டர் சக்கரம் அமுக்கிய தடம். 45லும் 60லும் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றில் கொழுக்கள் சக்கரத்தடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விலகிப் போய்விடுகின்றன.

"ஏம்மா, அந்த ரெண்டு கொழுவையும் ஒரு இஞ்சு எறக்கணும்" என்றார் மேஸ்திரி.

"உளுந்து ஃபைல்ல மட்டும் எறக்கிருதேன் அண்ணாச்சி."

"எல்லாத்துலயும் கொழுத்தண்டுக்கு ரெண்டு மூணு ஓட்டை கூடப் போட்டு வச்சிரு. ஒவ்வொருத்தன் சக்கரமும் ஒவ்வொரு அகலம்."

அன்று சாயங்காலமே கொழுத்தண்டு தனி பேஸ் பார்ட் ஆனது. எதைப் பொதுவில் வைப்பது, எதை மாறவிடுவது என்பதைத் திரையைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது. மண்ணை நோண்டிய விரல் இல்லாவிட்டால் அந்த ஓட்டைகள் படத்தில் ஏறியே இருக்காது.

நான் கிளம்பும்போது, சின்ன டிராக்டருக்கு இதே கருவி வேண்டுமென்று ஒருவர் கேட்டு வந்தார். சட்டத்தின் 180ஐ 120 ஆக்கினால் போதும் என்று நானும் நினைத்தேன். அந்தப் பெண் தலையசைத்து மறுத்தார். பெரிய வண்டியின் கீழ் இணைப்புப் பின் 28 மில்லிமீட்டர், சின்னதற்கு 22. இவ்வளவு கனமான குழாயையும் சின்ன வண்டி தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, 120ல் 30ம் 60ம் அடங்கும், 45 அடங்காது. 90 என்றால் 30ம் 45ம் சரி, 60 போய்விடும். பழைய சட்டத்தை இழுக்காமல் புது ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உங்களுக்குப் பருத்தியா, மக்காச்சோளமா அண்ணாச்சி?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ரெண்டுந்தான் போடுதோம்" என்றார் வந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, 90லயே அடிங்க. மக்காச்சோளத்த ஆள் வச்சு ஊனிக்கிடுதோம்" என்று முன்பணத்தை எடுத்தார்.