கைமாறிய தூரிகை

ஓவியம் ஒன்றைக் கண்டு வியப்பவர், “உள்ளதை உள்ளபடியே தீட்டியிருக்கிறார்” என்று பாராட்டுவது வழக்கம். அப்பாராட்டினுள்ளே ஒரு வினாவும் அடங்கியிருக்கின்றது. யார் கண்டபடி? பழந்தமிழ் நூலாகிய மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று குறிக்கின்றது. காண்போர் கண்ணிலே தம் தொழிலை நிலைபெறச் செய்வோர் என்பது அதற்கு உரையாசிரியர் கண்ட பொருள். அவ்வாறாயின், ஓர் இனத்தாரைப் பற்றிய எத்தகைய தோற்றம் உலகத்தார் கண்ணில் நிலைபெறும் என்பதை முடிவு செய்வோருள் ஓவியரும் ஒருவர் ஆகின்றார். அப்பொறுப்பின் அளவை நன்கு உணர்த்துவது, அமெரிக்க நாட்டின் தென்மேற்கே வளர்ந்த உருவ ஓவியக்கலையின் வரலாறு.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகராகிய சாந்தா ஃபே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த நகரம். அங்கே காற்றில் ஈரம் குறைவு. ஆகவே தொலைவில் உள்ள மலையும் கைக்கெட்டும் அணிமையில் நிற்பதுபோலத் தோன்றும். களிமண்ணும் வைக்கோலும் கலந்து வெயிலில் உலர்த்திய கற்களால் எழுப்பிய சுவர்கள் மாலை ஒளியில் தேன்நிறம் கொள்ளும். அந்நகரின் கேன்யன் சாலையில் ஓவியக்கூடங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. புதிய படைப்புகள் வந்ததும் கூடத்தார் அழைப்பு விடுப்பர். ஓவியரும் வந்து விருந்தினரோடு உரையாடுவார். விற்றுப்போன ஓவியத்தின் அருகே சிறியதொரு செம்புள்ளியை ஒட்டி வைப்பர். மலை, குதிரை, மண்வீடு, போர்வை போர்த்த மனிதர் என எளிதில் அடையாளம் காணத்தக்க உருவங்களே அங்குள்ள படைப்புகள் பலவற்றிலும் இடம்பெறுகின்றன. இம்மரபின் முதன்மையான வேர், வடக்கே ஏறத்தாழ 70 மைல் தொலைவிலுள்ள தாவோஸ் என்னும் சிற்றூரில் இருக்கின்றது.

1898ஆம் ஆண்டில் பெர்ட் ஃபிலிப்ஸ், எர்னஸ்ட் புளூமென்ஷைன் என்னும் இளம் ஓவியர் இருவர் டென்வர் நகரிலிருந்து மெக்சிகோவை நோக்கிக் குதிரை வண்டியில் சென்றனர். தாவோசுக்கு வடக்கே மலைப்பாதையில் வண்டியின் சக்கரம் உடைந்தது. அதனைச் செப்பனிட எடுத்துச் செல்பவர் யார் என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தனர். அப்பணி புளூமென்ஷைனுக்கு வாய்த்தது. குதிரைமீது சக்கரத்தைத் தாங்கியவாறு ஏறத்தாழ 20 மைல் கடந்த அவர், வழிநெடுகக் கண்ட நிலத்திற்கும் ஒளிக்கும் தம் மனத்தைப் பறிகொடுத்தார். மெக்சிகோப் பயணம் அங்கேயே முடிவுற்றது. ஃபிலிப்ஸ் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். புளூமென்ஷைன் பல முறை வந்து சென்று, 1919இல் குடியேறினார். இவ்விருவருக்கும் தாவோசின் சிறப்பைப் பாரிஸ் நகரில் எடுத்துரைத்திருந்தவர், 1893இலேயே அதனைக் கண்டுவந்த ஜோசப் ஹென்றி ஷார்ப் என்னும் ஓவியர். 1915இல் இம்மூவரும் வேறு மூவரும் சேர்ந்து தாவோஸ் ஓவியர் சங்கத்தை நிறுவினர். ஓவியங்களை ஊர் ஊராக அனுப்பிக் காட்சிக்கு வைப்பதே அச்சங்கத்தின் தலையாய பணி. 1927இல் சங்கம் கலைந்தது. அது வகுத்த வழி கலையவில்லை.

தாவோஸ் ஊரை அடுத்து, அடுக்கடுக்கான மண்வீடுகளைக் கொண்ட பழங்குடியினர் குடியிருப்பு உள்ளது. தாவோஸ் புவெப்லோ எனப்படும் அவ்விடத்தில் பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்து வருகின்றனர். சங்கத்து ஓவியருக்கு முன் அமர்ந்து உருவம் தந்தவர் பலர் அம்மக்களே. சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான இர்விங் கௌஸ், தீயொளியில் குந்தியிருக்கும் பழங்குடி ஆடவரைத் திரும்பத் திரும்பத் தீட்டிப் புகழ் பெற்றார். சாந்தா ஃபே இருப்புப்பாதை நிறுவனம் அவருடைய ஓவியங்களைத் தன் ஆண்டு நாட்காட்டிகளில் அச்சிட்டு நாடெங்கும் பரப்பியது. பயணிகளைத் தென்மேற்கே ஈர்ப்பது நிறுவனத்தின் நோக்கம். நாட்காட்டியைச் சுவரில் மாட்டியவர் கண்ணிலே அமைதியும் தொன்மையும் நிறைந்த ஓர் உலகம் நிலைபெற்றது.

அவ்வோவியங்களில் கைத்திறன் குறைவு என்று எவரும் சொல்லார். தோலின்மேல் தீயொளி படரும் நயத்தை அத்துணை நுட்பமாகக் காட்டியவர் சிலரே. ஆயினும் சட்டத்திற்குள் வராதவையும் இருந்தன. அக்காலத்தே அரசின் உறைவிடப் பள்ளிகளுக்குப் பழங்குடிச் சிறுவர் அனுப்பப்பட்டனர். அங்கே அவர்தம் கூந்தல் வெட்டப்பட்டது. தாய்மொழியில் பேசுதல் தடுக்கப்பட்டது. தாவோஸ் மக்கள் புனிதமாகப் போற்றும் நீல ஏரியும் அதனைச் சூழ்ந்த காடும் 1906இல் அரசின் காப்புக்காடாக ஆக்கப்பட்டன. 48,000 ஏக்கர் நிலத்தோடு அவ்வேரி அவர்களிடம் திரும்பி வந்தது 1970ஆம் ஆண்டு இறுதியில்தான். நாட்காட்டியின் தீயொளியில் அமர்ந்திருந்த மனிதரின் மனத்தில் இவையெல்லாம் இருந்திருக்கக்கூடும். காண்போருக்கோ அவை புலப்படவில்லை.

எனினும் வந்தேறிய ஓவியர் அனைவரும் ஒரே கண்ணால் பார்த்தனர் என்று கருதுதல் பொருந்தாது. புளூமென்ஷைன் 1899இலேயே, பள்ளியிலிருந்து முதல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் பழங்குடி இளைஞரை ஓர் இதழுக்காகத் தீட்டினார். 1920இல் அவர் வரைந்த ஓவியம் ஒன்றில் முன்னே ஓர் இளைஞரும் பின்னே ஒரு முதியவரும் காட்சி தருகின்றனர். ‘விண்மீன் பாதையும் வெண்கதிரும்’ என்னும் பொருள்பட அவர் இட்ட தலைப்பு, அவ்விருவருடைய பெயர்களேயாகும். பெயரிட்டு அழைத்த அளவிலே உருவம் மனிதனாகிவிடுகின்றது. வால்டர் யூஃபர் என்பார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஓவிய அறையை விட்டு வெளியேறி, நண்பகல் வெயிலில் திரைச்சீலையை நிறுத்தினார். வயலில் உழைக்கும் மக்களை அவர்தம் அன்றாட உடையிலேயே தீட்டினார். அவருக்கு நெடுங்காலம் உருவம் தந்த ஜிம் மிராபால் என்பவர், 1935இல் வரைந்த ஓவியத்தில் மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பவரோடு இடம்பெறுகிறார். இறகு முடியைவிட அவ்வண்டியே அம்மனிதரின் காலத்தை மெய்யாகக் காட்டுகின்றது.

ஆயினும் எத்துணை நேர்மையான விருந்தினனும் வீட்டின் உள்ளறையை அறியான். அவ்வறையைத் திறந்து காட்டியோருள் ஒருவர், சாந்தா கிளாரா புவெப்லோவில் 1918இல் பிறந்த பாப்லிட்டா வெலார்டே. குழந்தைப் பருவத்தில் கண்நோயால் சில காலம் பார்வை இழந்திருந்தவர் அவர். 1932இல் டோரதி டன் என்னும் ஆசிரியை சாந்தா ஃபே பழங்குடியினர் பள்ளியில் ஓவிய வகுப்பைத் தொடங்கியபோது, அங்கே பயின்ற பெண்களுள் வெலார்டேயும் இருந்தார். பெண் ஓவியம் தீட்டுவதை அவருடைய சமூகத்தில் பலர் விரும்பவில்லை. எனினும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1939 முதல் 1945 வரை, பண்டேலியர் தேசியச் சின்னம் எனப்படும் பாதுகாக்கப்பட்ட இடத்திற்காக, புவெப்லோ வாழ்க்கையை விளக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டித் தந்தார். மட்பாண்டம் வனைதல், சமைத்தல், ஆடல், திருநாள் என ஒவ்வொன்றும் எவ்வாறு நிகழும் என்பதை, செய்து பழகியவரின் அறிவோடு காட்டினார். நாட்காட்டியில் நெருப்பு ஓர் அழகு. வெலார்டேயின் ஓவியத்தில் அது அடுப்பு.

தூரிகை கைமாறியதும் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுதல் கூடாது. நிழலின்றி, ஆழமின்றி, தட்டையான வண்ணத்தில் வரைவதே பழங்குடி ஓவியம் என்று நாளடைவில் ஒரு விதி உருவாயிற்று. அதே பள்ளியில் பயின்ற டக்கோட்டா இனத்து ஓவியர் ஆஸ்கர் ஹௌ, 1958இல் ஓக்லஹோமாவின் ஃபில்புரூக் அருங்காட்சியகப் போட்டிக்கு அனுப்பிய படைப்பு, மரபுவழிப்பட்டதன்று என்று ஒதுக்கப்பட்டது. தம் இனத்தார்க்கு இன்னதுதான் மரபு என்று பிறர் வரையறுப்பதைக் கண்டித்து அவர் எழுதிய மடல் பெரும் விளைவை உண்டாக்கியது. முன்பு உருவத்தைச் சிறைப்படுத்தியவர்கள், பின்பு உருவம் தீட்டும் முறையையே சிறைப்படுத்த முயன்றனர் எனலாம்.

அச்சிறையின் கதவை அகலத் திறந்தது, 1962இல் சாந்தா ஃபேயில் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பழங்குடியினர் கலைக்கழகம். அங்கே கற்பித்த ஃபிரிட்ஸ் ஷோல்டர், பழங்குடியினரைத் தீட்டுவதே இல்லை என்று உறுதி பூண்டிருந்தவர்; 1967இல் அவ்வுறுதியைத் தாமே தளர்த்தினார். 1971இல் அவர் வரைந்த ஓவியத்தில், எருமைக்கொம்பு அணிந்த ஆடற்கலைஞர் ஒருவர் கையில் ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். நகைப்புக்குரிய காட்சியன்று அது. ஆடி முடித்தவருக்குக் களைப்பும் நாவறட்சியும் உண்டு என்னும் எளிய உண்மையே அங்கு தீட்டப்பட்டது.

அக்கழகத்தில் பயின்ற டி. சி. கேனன் 1978இல், தம் 31ஆம் அகவையில், சாலை விபத்தில் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் தீட்டிய ஓவியம் ஒன்று இவ்வரலாறு முழுவதையும் ஒரு சட்டத்துள் அடக்கிவிடுகின்றது. ஓசேஜ் இனத்தவர் ஒருவர், தம் இனத்துக்குரிய அணிகலன்களோடு பிரம்பு நாற்காலியில் அமர்ந்து காண்போரை நேராக நோக்குகிறார். அவருக்குப் பின்னே சுவரில் வான்கோவின் கோதுமை வயல் ஓவியம் தொங்குகின்றது. பிறர் வாங்கிச் சேர்த்த ஓவியங்களில் உருவமாக இருந்தவர், இங்கே ஓவியம் சேர்ப்பவராக வீற்றிருக்கிறார்.

இன்றும் சாந்தா ஃபேயில் ஓவியம் பெரும் வணிகம். 1922இல் தொடங்கிய பழங்குடியினர் கலைச்சந்தை ஆகஸ்டு மாதத்தில் நகரை நிறைக்கின்றது. பழங்குடியினர் செய்ததாகப் பொய்கூறி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சட்டம் கையொப்பத்தின் மெய்ம்மையைக் காக்கும். பார்வையின் மெய்ம்மையைக் காக்க அதற்கு ஆற்றல் இல்லை. தீயொளியில் குந்தியிருக்கும் ஆடவர் இன்றும் விலைபோகிறார். செம்புள்ளி கிடைக்கும் என்று தெரிந்தே அவரை மீண்டும் வரைவோர் உளர். நவாஹோ இனத்து டோனி அபெய்ட்டாவைப் போலத் தம் முன்னோர் நிலத்தின் மேகங்களையும் பாறைகளையும் தம் கண்கொண்டே தீட்டுவோரும் உளர்.

ஆகவே உருவ ஓவியத்தின் முன் நிற்கும் மாணவர், உருவம் ஒத்திருக்கிறதா என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. இம்மனிதருக்குப் பெயர் உண்டா? இவர் எந்த ஆண்டில் வாழ்கிறார்? சட்டத்திற்கு வெளியே விடப்பட்டது எது? இவ்வோவியத்தைக் கண்டால் இவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வாரா? இவ்வினாக்களுக்கு விடை தரும் ஓவியமே உள்ளதை உள்ளபடி காட்டும் ஓவியம். நூறாண்டுக்கும் மேலாக அந்நிலத்தின் மலையும் ஒளியும் மாறவில்லை. அவற்றினிடையே வாழ்ந்த மக்கள், தம்மைத் தாமே தீட்டிக்கொள்ளும் உரிமையை அரிதின் முயன்று பெற்றனர். ஓவியக்கூடத்தில் புதிதாக மாட்டப்படும் ஒவ்வொரு படைப்பும் அவ்வுரிமையின் முன்னே தேர்வுக்கு நிற்கின்றது.