நாலு மணி நேரமா?

திருச்சிக்கு நாலு மணி நேரம், சென்னைக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. பெட்டாலிங் ஜெயாவில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான். கோலாலம்பூரிலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர், திருச்சி 2,700. தப்பில்லை, ஆனால் அது விமானத்தின் கணக்கு. பயணியின் கணக்கு வேண்டுமென்றால் கிள்ளான் துறைமுகத்தில் கொமுட்டர் ரயில் ஏற வேண்டும்.

தண்டவாளம் அங்கேதான் முடிகிறது. 1972 வரை அந்தத் துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். அந்தக் காலத்தில் சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் ஆளேற்றி இறக்கி, ‘ரஜூலா’ கப்பல் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தோட்ட வேலைக்கு வந்தவர்கள் இறங்கியதும் தோட்டத்துக்குப் போய்விட முடியாது. நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். கடலில் கழிந்த நாள் வேறு, பயணம் முடிந்த நாள் வேறு என்பது அன்றைக்கே இருந்தது.

இந்த ரயில் பாதையின் பழைய பகுதி, 1886-இல் கோலாலம்பூர் ஈயத்தைக் கிள்ளான் ஆற்றங்கரைக்குக் கொண்டுவரப் போடப்பட்டது. கிள்ளான் நிலையத்தில் ஏறுகிறவர்களின் பெட்டிகளைப் பாருங்கள். நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, மேலே தடித்த மையில் பெயரும் ‘திருச்சி’யும். உள்ளே மைலோ, கோடாலித் தைலம், யாரோ கொடுத்தனுப்பிய சட்டைத்துணி. முந்தின இரவு வீட்டுத் தராசில் மூன்று முறை நிறுத்து, இரண்டு முறை பிரித்துக் கட்டியிருப்பார்கள். அந்த நேரத்தை எந்த டிக்கெட்டிலும் போடுவதில்லை.

பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா வேகமாகக் கடந்துவிடும். சுபாங் ஜெயாவுக்கு வடக்கே பழைய விமான நிலையம். 1965 முதல் 1998 வரை நாட்டின் முதன்மை விமான நிலையம் அதுதான். பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. வழியனுப்பப் போனவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். 1998 ஜூனில் முதன்மை நிலையம் சிப்பாங்குக்கு மாறியது. விமானம் பறக்கும் தூரம் அப்படியேதான் இருந்தது, தரையில்தான் தூரம் கூடியது.

செத்தியா ஜெயாவிலிருந்து பெட்டாலிங் வரை வண்டி நம் பெட்டாலிங் ஜெயாவின் தெற்கு ஓரமாகவே போகிறது. 1950-களில் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஊர். இப்போது அதே நெரிசல் கூட்டரசு நெடுஞ்சாலையில் நிற்கிறது. மாலையில் கார் எடுத்தால் விமானத்தைத் தவறவிடும் பயம் அங்கேயே தொடங்கிவிடும்; ரயிலே மேல்.

கடைசியாக கே.எல். சென்ட்ரல். பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே நிலத்தில் 2001-இல் எழுந்த நிலையம். அங்கிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு 57 கிலோமீட்டர், விரைவு ரயிலில் அரை மணி.

இனி கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து சென்ட்ரலுக்கு முக்கால் மணி, விரைவு ரயில் அரை மணி, முன்கூட்டியே காத்திருப்பது மூன்று மணி, பறப்பது நாலு, இறங்கியபின் குடிநுழைவும் பெட்டியும் ஒன்றரை. கிட்டத்தட்ட பத்து மணி நேரம் வந்துவிடும். கடிகாரம் வேறு ஏமாற்றும்: இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி முன்னால் என்பதால், போகும்போது நாலு மணிப் பறப்பு ஒன்றரை மணி போலத் தெரியும், திரும்பும்போது ஆறரையாகிவிடும்.

ஆகவே ஊரிலிருந்து அத்தை கேட்டால் நாலு மணி என்று சொல்லாதீர்கள். ஒரு முழுப் பகல் போகும் என்று சொல்லுங்கள். அழைத்துப்போக வருகிறவர் அதற்கேற்பக் கிளம்புவார்.