வானத்துக்கு அப்புறம் வருவோம்

கஜா வந்த 2018 நவம்பர் இரவில் நாங்கள் வானத்தைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கீற்று பிய்ந்து போன பிறகுதான் வானம் தெரிந்தது. விடிந்து வந்த நிவாரண லாரி ஊர்த்தெருவோடு நின்றது. சேரிக்கு வர மூன்று நாளானது. அதனால்தானோ என்னவோ, புயல் வானம் தீட்டிய ஓவியங்களின் முன் நின்று 'உன்னதம்' என்று உருகுகிறவர்களோடு எங்களால் உடனே தலையாட்ட முடிவதில்லை.

1757இல் எட்மண்ட் பர்க், அச்சம் தரும் ஒன்று மிக நெருங்கி வராதவரை இன்பம் தரும் என்றார். 1790இல் காண்ட் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: இடியும் மின்னலும் சூறாவளியும் நாம் பத்திரமான இடத்தில் இருந்தால் நம்மை ஈர்க்கும். அந்தப் பத்திரமான இடம் யாருக்கு வாய்த்தது?

டர்னரின் 'அடிமைக் கப்பல்' 1840இல் வந்தது. 1781இல் ஸோங் கப்பலில் நடந்ததை அதன் பின்னணியாகச் சொல்வார்கள். 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் வீசிவிட்டு, சரக்கு நட்டமென்று காப்பீட்டுப் பணம் கேட்டார்கள் உரிமையாளர்கள். அந்த ஓவியத்தின் கடலையும் வானத்தையும் விமர்சகர் ரஸ்கின் வாயாரப் புகழ்ந்தார். அடிமைகள் வீசப்படுவதை மட்டும் அடிக்குறிப்பில் எழுதினார். அடிக்குறிப்பில்! எங்களுக்குப் பழக்கமான இடம்தான்.

இன்று அமெரிக்காவின் ஏப்ரல் கோர்னிக் பெரிய பெரிய கேன்வாஸ்களில் கருமேகமும் தண்ணீரும் ஒளியுமாகத் தீட்டுகிறார். அழகுதான், மறுக்கவில்லை. மழைக்கு முந்தைய அந்த வெளிச்சம் எங்களுக்கும் தெரியும். ஆனால் அவருடைய நிலக்காட்சிகளில் ஆள் இல்லை. எங்கள் தெரு அக்கா ஒருவருக்குப் போனில் ஒரு படத்தைக் காட்டினோம். உற்றுப் பார்த்துவிட்டு, "மேகம் எறங்கிடுச்சே, ஆடு மாட்டையெல்லாம் புடிச்சுக் கட்டிட்டாங்களா?" என்றார். உன்னதத்தைப் பற்றி நாங்கள் கேட்ட நல்ல கேள்வி அது.

அதே 2018இல், கஜாவுக்குச் சில மாதங்கள் முன்பு, சோண்ட்ரா பெரி என்ற கறுப்பினக் கலைஞர் லண்டன் செர்பென்டைன் கலைக்கூடத்தில் டர்னரின் கடலைக் கணினியில் அலையடிக்க வைத்துச் சுவர்களில் ஓடவிட்டார். பார்க்க வந்தவர்களைச் சுற்றிலும் தண்ணீர்.

டர்னரின் அசல் ஓவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாங்கள் அதை வலது கீழ் மூலையிலிருந்து பார்க்கத் தொடங்குகிறோம். அங்கே விலங்கு பூட்டிய ஒரு கால் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. மீன்கள் மொய்க்கின்றன. வானத்துக்கு அப்புறம் வருவோம்.