புகையிலைக் குடில் மணக்கும் பியர்

திக்கம், பருத்தித்துறை
வைகாசி 12

மச்சான்,

பழைய சேட்டுக்குள் சுற்றி நீ தந்துவிட்ட போத்தல் உடையாமல் வந்து சேர்ந்தது. ஆனால் குஞ்சியம்மா அதைக் கண்டதும் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டா. வெளியில் எடுத்து ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். குளிர்ந்துபோனால் இந்தச் சாமான் வாயே திறக்காது.

நேற்றுப் பின்னேரம் குஞ்சியப்பாவும் நானும் முற்றத்து மாமரத்தடியில் இருந்து திறந்தோம். நல்ல தடிப்பு, கருஞ்சிவப்பு, நுரை பேருக்குத்தான். உங்கள் ஊர் லீஸ்காரர் 1828இலிருந்து பியர் காய்ச்சுகிறார்கள். இந்த ஹார்வெஸ்ட் ஏல் 1986இல் தொடங்கியது; ஆண்டுக்கு ஒருதரம், அந்த ஆண்டு அறுவடையில் காய்ச்சுவது. மதுசாரம் 11.5 வீதம். நீ தந்தது லகாவுலின் விஸ்கி இருந்த ஓக் பீப்பாவில் ஊறவிட்டது. ஊறுகாய்ச் சாடியை எத்தனைதரம் கழுவினாலும் மணம் போகிறதா? அந்தப் பீப்பாவும் அப்படித்தான்.

குஞ்சியப்பா கிளாசை மூக்கடியில் பிடித்தார்.

"மோனை, இது புகையிலைக் குடிலெல்லோ!"

சிரித்துவிட்டு நானும் மணந்து பார்த்தேன். மனுசன் சொன்னது சரி. ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில் விஸ்கிக்கான பார்லியை உலர்த்தும்போது சதுப்பில் வெட்டிய கரிமண்ணை எரித்துப் புகைபிடிக்க விடுவார்கள். இங்கே புகையிலையைக் குடிலுக்குள் தூக்கிப் பொச்சும் ஊமலும் மூட்டிப் புகை போடுவார்கள். மூக்குக்குக் கடல் கடந்த வித்தியாசம் தெரியவில்லை.

வாயில் வைத்தால் முதலில் பனங்கட்டிக் குட்டானின் அடியில் ஒட்டிக் கிடக்கும் பாகு. பிறகு முந்திரிகை வற்றல். கடைசியில் தொண்டையில் சாராயச் சூடு. அரைக் கிளாஸ் வரைக்கும் அருமை. அதற்கு மேல் இனிப்புத் திகட்டுகிறது. தனி ஆளாக ஒரு போத்தலை முடிப்பவனுக்கு நாக்கு இல்லை என்பேன்.

"எப்ப காய்ச்சினது?" என்றார். லேபிளைப் பார்த்து ஏழு வருசம் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல், தவறணையில் வாங்கிவந்த கள்ளைப் பிளாவில் வார்த்து என் கையில் தந்தார். விடிய இறக்கியபோது இனித்த கள், பின்னேரத்துக்குள் புளிப்பேறி நாக்கைச் சுண்டியது. அதற்கு யாரும் நொதி போடுவதில்லை. காற்றிலும் முட்டியிலும் இருப்பதே போதும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் அது கருப்பணி, தடவாவிட்டால் கள், இரண்டு நாள் விட்டால் வினாகிரி. காலத்தைச் சேமித்து வைக்க வேண்டுமென்றால் வடிக்கத்தான் வேண்டும். இந்த ஊர் வடிசாலை பனஞ்சாராயத்துக்குப் பேர்போனது. தெற்கில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரப்பீப்பாவில் வருசக்கணக்காகப் பழக வைக்கிறார்கள்.

பனஞ்சாராயம் கிடந்த பீப்பாவில் நம்முடைய லயன் ஸ்டவுட்டை ஆறு மாதம் ஊறவிட்டால் எப்படியிருக்கும்? அதுவே 8.8 வீதம், கோப்பிக் கறுப்பு. யாராவது செய்தால் முதல் போத்தல் எனக்கு.

எனக்கு எதில் மனம் போனது என்று கேட்பாய். பிளாவில்தான். அந்த ஓலை மணத்துக்கு எந்த ஓக்கும் ஈடில்லை. போத்தல் கள் கிடைக்கும்தான். ஆனால் சூடாக்கி அடைத்தது, அது வேறு சாமான். ஆவணிக்குப் பிறகு பனங்கள் குறைந்துவிடும். அதற்கு முன்னம் ரிக்கெற் போடு.