சமைக்கிற ஆள் எப்ப சாப்பிடுறது?

"கடைச் சாப்பாட்டைக் குறையுங்கோ, வீட்டில சமைச்சுச் சாப்பிடுங்கோ." இதை எங்களுக்குச் சொல்லாத ஆள் இல்லை. அம்மா சொல்லுவா, ஊர் டொக்டர் சொல்லுவார், பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருக்கிற அன்ரியும் சொல்லுவா. யூரியூப்காரர் ஓட்ஸையும் சியா விதையையும் தூக்கிக் காட்டிச் சொல்லுவினம். அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் அந்த வசனத்தில் எழுவாயைக் காணேல்லை. ஆர் சமைக்கிறது? எப்ப? எந்த அடுப்பில? சட்டியை ஆர் கழுவுறது? இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்று படித்தோம். எங்கட வீடுகளில் அந்தத் தோன்றா எழுவாய்க்கு இன்னொரு பெயர் அம்மா.

வீட்டை விட்டு வந்த பிறகுதான் அந்த எழுவாயின் இடம் வெறுமையாக இருப்பது தெரியும்.

நாங்கள் ஐந்து பேர். முல்லைத்தீவு இரண்டு, மன்னார் ஒன்று, மட்டக்களப்பு ஒன்று, ஹட்டன் ஒன்று. எல்லாரும் கலைப்பீடம். முதலாம் வருடம் முழுக்க, சமைக்க அனுமதி இல்லாத ஒரு போடிங்கில் இருந்தோம். காலையில் பாண், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பத்து மணிக்கு கன்ரீனில் ரோல்ஸும் ரீயும். மத்தியானம் ஒரு பார்சலை இரண்டு பேர் பிரித்துச் சாப்பிடுவது. இரவில் கேத்தில் தண்ணியில் ஊறவைத்த நூடில்ஸ். இது எங்கட சோம்பலால் வந்த ஒழுங்கு அல்ல, கணக்கால் வந்தது. மஹாபொல 2025 இல் 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்ந்தது. முப்பதால் பிரித்தால் நாளுக்கு 250 ரூபா. அதில் போட்டோகொப்பியும் பஸ்ஸும் போக, மூன்று நேரக் கடைச் சாப்பாடு எப்படியும் வராது.

வயிறு நிரம்பாமல் இருந்தோம் என்று சொல்லவில்லை. நிரம்பித்தான் இருந்தது. பாணும் ரோல்ஸும் நூடில்ஸும் வயிற்றை நல்லாகவே நிரப்பும். எங்களில் பலர் ஏ.எல். படித்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த வருடம் எங்கட வீடுகளில் முதலில் காணாமல் போனது சோறு இல்லை. முட்டை போனது, பால்மா போனது, மீன் கிழமைக்கு ஒரு நாள் ஆனது. சோறும் பாணும் நின்றன. விலைகள் கொஞ்சம் அடங்கின பிறகும் போனதெல்லாம் முழுசாகத் திரும்பி வரவில்லை.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு இரத்ததான முகாம் நடந்தது. ஐந்து பேரும் வரிசையில் நின்றோம். விரலில் குத்திப் பார்த்துவிட்டு மூன்று பேரைத் திருப்பி அனுப்பினார்கள், ஹீமோகுளோபின் போதாது என்று. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்களில் ஒருத்திக்கு 9.8. படியேறினால் மூச்சு வாங்குவதையும், பின்னேர லெக்சரில் கண் சொருகுவதையும், தலைமயிர் கொட்டுவதையும் அதுவரை நாங்கள் 'கம்பஸ் வாழ்க்கை' என்று நினைத்திருந்தோம். முகாமில் இருந்த தாதி அக்கா கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டவுடன ரீ குடிக்கிறனீங்களோ?"

ஓம், வேற என்ன குடிக்கிறது?

அக்கா விளங்கப்படுத்தினா. கீரை, பருப்பு, தானியங்களில் இருக்கிற இரும்பு, மீன் இறைச்சியில் இருக்கிற இரும்பைப் போல உடம்பில் இலகுவாகச் சேராது. தேயிலையில் உள்ள தனின் அதை இன்னும் தடுக்கும். மாறாக விற்றமின் சி அதைச் சேரவைக்கும். தேசிக்காய், கொய்யா, நெல்லி எதுவாகவும் இருக்கலாம். ஆகவே சாப்பாட்டுக்கும் ரீக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கோ, கீரையில் தேசிக்காய் பிழியுங்கோ என்றா. அம்மம்மாமார் வறையை அடுப்பால் இறக்கின பிறகுதான் தேசிப்புளி விடுவார்கள். சூட்டில் விற்றமின் சி அழியும் என்று அவர்கள் படித்திருக்கவில்லை, ஆனால் கை சரியாகத்தான் செய்திருக்கிறது. எங்கட ஹட்டன் பிள்ளை மட்டும் அன்றைக்கு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். இரவு படுக்கப் போகும்போது சொன்னாள்: "எங்கம்மா பறிக்கிற கொழுந்துதான் எங்க இரும்ப எடுக்குதாமே." சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் அம்மா காலையில் ரொட்டியோடு குடிப்பதும் பிளேன் ரீ, மத்தியானம் மலையில் குடிப்பதும் பிளேன் ரீ.

இன்னொன்றும் அன்றைக்குக் கதைத்தோம். நாங்கள் பெரியபிள்ளை ஆனபோது சில கிழமைகளுக்கு எங்களுக்கு நடந்த கவனிப்பு! உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, கத்தரிக்காய்ப் பத்தியக் கறி. வேண்டாம் என்று அழுதாலும் விடமாட்டார்கள். மாதாமாதம் இரத்தம் போகப்போகிற உடம்பு என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சடங்கு முடிய, வீடியோ அல்பமும் வந்து சேர, அந்த உடம்பு என்ன சாப்பிடுகிறது என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மாதாமாதம் இரத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வீடு மாறினோம். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்கம், இரண்டு அறையும் ஒரு குசினியும். வீட்டுக்கார அன்ரியின் நிபந்தனை ஒன்றே ஒன்று, "கருவாடு பொரிக்கிறதெண்டா முதலே சொல்லுங்கோ." ஒரு காஸ் அடுப்பு, ஒரு ரைஸ் குக்கர், முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு திருவலை. கிழமைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பால்மா ரின்னில் காசு போடுகிறோம். ஒரு கோழிக் கொத்து வாங்குகிற காசுக்கு ஐந்து பேருக்கும் ஒரு நாளையக் கறிகள் வந்துவிடும். இதைப் பல தடவை கணக்குப் பார்த்துவிட்டோம்.

சந்தை பக்கத்தில்தான். திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னேரம் போனால் கீரை மலிவு, ஆனால் வாடிப்போயிருக்கும். காலையில் போனால் வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை, அகத்தி, முசுட்டை எல்லாம் தண்ணி தெளித்து அடுக்கியிருக்கும். பாதிக்கு எங்களுக்குப் பெயர் தெரியாது. கீரை விற்கிற ஆச்சியிடம்தான் கேட்டுப் படித்தோம். எதை வறுக்கலாம், எதைச் சம்பலாகப் போடலாம், எது கைக்கும், எதற்குக் கொஞ்சம் பருப்புச் சேர்க்கவேணும் என்று எல்லாம் சொல்லித்தருவா. முருங்கையிலைக்குக் காசு கொடுப்பதே இல்லை, அன்ரியின் வேலியில் இருக்கிறது. அதை உருவித் துப்புரவாக்க இருபது நிமிசம் போகும். ஆனால் இரவு ஐந்து பேரும் சுற்றியிருந்து கதைத்துக்கொண்டு உருவினால் வேலை என்றே தெரியாது. தனியாக ஒருத்தி உருவினால் அது தண்டனை.

எங்கட வழக்கமான சமையல் பெரிய விசயம் இல்லை. சிவப்புக் குத்தரிசிச் சோறு. பருப்பு, அது வேகும்போது கடைசியில் ஒரு பெரிய பிடி முருங்கையிலை. ஏதாவதொரு கீரையில் வறை அல்லது சம்பல். நெத்தலி அல்லது சூடை கிடைத்தால் கறி, இல்லையென்றால் ஆளுக்கொரு முட்டை. குத்தரிசியைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தும்போது தவிட்டில் இருக்கிற பி விற்றமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் தவிடு போன பிறகும் பச்சையரிசியை விட அதில் அவை கூடுதலாக மிஞ்சும். தவிடு முழுக்கப் போகாத சிவப்பு என்றால் நார்ச்சத்தும் சேரும். மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் நல்லது, ஆனால் எங்கட ரின்னுக்கு அது எப்போதும் கட்டுப்படியாகாது. சின்ன மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுகிறோம், அதனால் கல்சியமும் சேர்ந்து வருகிறது. துண்டு மீன் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கௌரவத்துக்காக அதை இழக்கிறார்கள் என்பது எங்கட மன்னார்க்காரியின் துணிந்த முடிவு. அவளோடு மீன் விசயத்தில் வாதாட எங்களுக்குத் தகுதி இல்லை.

சண்டையும் வரும். காலைச் சாப்பாட்டுக்கு முல்லைத்தீவுக்குப் புட்டு வேணும், ஹட்டனுக்கு ரொட்டி, மட்டக்களப்பாளுக்குத் தயிர் இல்லாமல் நாளே தொடங்காது. இப்போதைக்குச் சமாதானம் குரக்கன். குரக்கன் மாவில் புட்டும் அவிக்கலாம், தேங்காய்ப்பூப் போட்டு ரொட்டியும் சுடலாம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அதே அளவு பசுப்பாலில் ஏறக்குறைய 120. உலர்ந்த மாவையும் பாலையும் நேரடியாக ஒப்பிடக்கூடாதுதான், தானியத்துக் கல்சியம் முழுக்க உடம்பில் சேர்வதும் இல்லை. இருந்தாலும் பால்மா விற்கிற விலைக்கு இது யோசிக்கவேண்டிய கணக்கு. ஆனால் உண்மையைச் சொல்லவேணும், முழுக்கக் குரக்கனில் அவித்த புட்டைக் கோதுமை மாப் புட்டில் வளர்ந்த வாய் ஏற்கவில்லை. பாதி குரக்கன், பாதி வறுத்த அரிசிமா என்று கலந்த பிறகுதான் சட்டி காலியானது. சத்து இருக்கிறது என்பதற்காக ஒருவரும் தினமும் ஒன்றைச் சாப்பிடமாட்டினம், ருசிக்கவும் வேணும்.

பக்கற்றுகளை முழுக்க விட்டுவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். பரீட்சைக் காலத்தில் நூடில்ஸ் வரும். ஆனால் தூளில் பாதியைத்தான் போடுகிறோம், ஒரு முட்டையும் ஒரு பிடி பொன்னாங்காணியும் சேர்க்கிறோம். பக்கற்றின் பின்பக்கத்தில் சோடியம் என்று போட்டிருக்கிற மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கவேணும். ஒரு நாளைக்கு எங்களிடம் இருந்த எல்லாப் பக்கற்றையும் பரப்பிவைத்துப் பெருக்கிப் பார்த்தோம், கணக்குப் பிடிக்காமல் கலைக்கு வந்த ஆட்கள். சோயா மீற் நல்ல சாமான்தான், உலர்ந்த நிலையில் அதில் ஏறக்குறைய பாதி புரதம். ஆனால் சுவையூட்டினதை விட்டுவிட்டு வெறும் சோயாவை வாங்கி வீட்டுத் தூளில் கறி வைக்கலாம். மென்பானப் போத்தல்களில் 2016 இலிருந்து வருகிற நிறப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. செம்மஞ்சள் என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தம் இல்லை. 10 கிராம் இருந்தாலும் அது செம்மஞ்சள்தான்.

இவ்வளவும் இலகு. கஷ்டம் வேற இடத்தில் இருந்தது. முதல் மாதம் ஒழுங்கு ஏதும் போடவில்லை, நேரம் கிடைக்கிற ஆள் சமைப்பது என்று விட்டிருந்தோம். ஐந்தாறு கிழமையில் பார்த்தால் சமைப்பது எப்போதும் ஒரே இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக உட்காருவார்கள். மீன் முடிந்திருக்கும், குழம்பு இருக்கும். ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை. வீட்டில் பார்த்தது தானாக வந்தது. அந்த இரண்டு பேரில் ஒருத்திதான் 9.8.

அதற்குப் பிறகு இரண்டு சட்டம் போட்டோம். லெக்சர் நேரசூசிக்குப் பக்கத்தில் சமையல் நேரசூசியும் சுவரில் ஒட்டவேணும், மாறுவதென்றால் பதில் ஆள் தரவேணும். மற்றது, சாப்பாடு ஆனதும் ஐந்து கோப்பையிலும் கறி சமமாகப் பிரித்த பிறகுதான் முதல் ஆள் கை வைக்கவேணும். பிந்தி வருகிற ஆளின் கோப்பை மூடியிருக்கும்.

லீவுக்கு வீட்டுக்குப் போனபோது இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டி வந்தது. வீட்டுச் சாப்பாடு, வீட்டுச் சாப்பாடு என்று போடிங்கில் இருந்து ஏங்கினோமே, அந்தச் சாப்பாட்டை அம்மா எப்போது சாப்பிடுகிறா? அப்பாவுக்குப் போட்டு, தம்பிக்குப் போட்டு, வந்த எங்களுக்குப் பெரிய துண்டு போட்டு, பிறகு குசினியில் நின்றபடியே கறிச்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி ஒரு வாய். உடனே ஒரு ரீ. மன்னார்க்காரி தன் வீட்டில் ஐந்து கோப்பைச் சட்டத்தைச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு மீன் பிடிக்காது பிள்ளை" என்றாவாம் அம்மா. மன்னாரில் பிறந்து வளர்ந்த மனுசிக்கு மீன் பிடிக்காதாம். முல்லைத்தீவில் ஒரு அப்பா மட்டும், மகள் வீட்டில் நிற்கிற நாட்களில், தேங்காய் திருவத் தொடங்கியிருக்கிறார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு இரத்தம் சோதித்தோம். திருப்பி அனுப்பப்பட்ட மூன்று பேரில் இரண்டு பேர் 12 ஐத் தாண்டிவிட்டார்கள். 9.8 காரிக்குச் சாப்பாடு மட்டும் போதவில்லை. கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையை இன்னும் எடுக்கிறாள், 11.4 இல் நிற்கிறாள். இதைக் கட்டாயம் எழுதவேணும். முருங்கையிலை எல்லாவற்றையும் மாற்றும் என்று சொல்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. களைப்பும் மூச்சு வாங்கலும் இருந்தால் முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கோ, கீரை பக்கத்தில் இருக்கட்டும்.

போன மாதம் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற எங்கட பட்ச் பெடியள் நாலு பேர் வந்தார்கள். மணத்துக்கு வந்திருக்கவேணும். தாங்களும் ரின்னில் காசு போடுகிறோம், தங்களுக்கும் சேர்த்துச் சமைத்தால் என்ன என்று கேட்டார்கள். காசு வேண்டாம், நேரசூசியில் பெயர் போடுங்கோ என்றோம். யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள் மூன்று நாள் கழித்து வந்து, பருப்புக்குள் முருங்கையிலை எப்போது போடுவது என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை இரவு ஒரு சட்டி கொண்டுவந்து தந்தார்கள். இலையைக் காம்போடு போட்டிருந்தார்கள். ஐந்து கோப்பையிலும் பிரித்து, காம்பை எடுத்தெடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.